கட்டி, தாஹில், மங்கு: இரும எண்ணையும் பதினறும எண்ணையும் கையால் கற்றுக்கொள்ளும் வழி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறிக் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகிறார்கள். 1996-இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா நமக்கு அடுத்த வீடு மாதிரி. பாட்டி பால்மரம் வெட்டினார், பேத்தி சில்லு சோதிக்கிறாள். ஆனால் சோதனை இயந்திரத்தின் திரையில் "3இ8" என்றோ "எஃப்எஃப்" என்றோ வந்து நின்றால், அது எண்ணா எழுத்தா என்று தெரியாமல் விழிக்கிற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அது பதினறும எண், ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராததால்தான் அது பெரிய மலையாகத் தெரிகிறது.

இடைநிலைப் பள்ளியில் கணினி அறிவியல் அடிப்படையை எடுக்கும் மாணவர்களுக்குப் படிவம் 1-இல் இரும எண்ணும் படிவம் 3-இல் பதினறும எண்ணும் வருகின்றன. படிவம் 4 கணிதத்தில் "அசாஸ் நொம்போர்", அதாவது எண் அடிமானம், ஒரு தனிப் பாடம். தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிற பிள்ளைக்குப் புது மொழியும் புதுக் கணக்கும் சேர்ந்தே வந்து நிற்கின்றன. கணக்கை முதலில் தமிழில் பிடித்துக்கொண்டால் மலாய்ப் பாடநூல் பாதி எளிதாகிவிடும். சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் வகுப்பின் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கூடவே ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விடை சொல்லும் செயலிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் அவை உங்களுக்குப் பதிலாகப் புரிந்துகொள்ளாது.

முதல் படி: தெரிந்த எண்ணை மறுபடி பார்ப்பது

ஆண்டு 1-இலேயே இடமதிப்பு படித்துவிட்டோம். 365 என்றால் 3 நூறு, 6 பத்து, 5 ஒன்று. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகப் போக ஒவ்வோர் இடமும் பத்து மடங்கு பெரிது. ஏன் பத்து? கையில் பத்து விரல் இருப்பதைத் தவிர வேறு வலுவான காரணம் இல்லை. சுழியம் முதல் 9 வரை பத்து இலக்கங்கள். 9-க்கு மேல் ஒன்று சேர்ந்தால் அந்த இடம் சுழியமாகி, அடுத்த இடத்துக்கு ஒன்று ஏறுகிறது.

இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரே விதிதான். இடம் நிரம்பினால் அடுத்த இடத்துக்கு ஒன்று ஏறும். எத்தனையில் நிரம்புகிறது என்பது மட்டும் மாறும். பத்தில் நிரம்பினால் பதின்மம், இரண்டில் நிரம்பினால் இருமம், பதினாறில் நிரம்பினால் பதினறுமம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருநிலை எண், பதினாறுநிலை எண் என்றும், இலங்கையில் துவித எண் என்றும் எழுதுவார்கள். பெயர் வேறாக இருந்தாலும் பொருள் ஒன்று.

இரண்டாம் படி: எட்டு மங்கு

எங்கள் வகுப்பில் எட்டுப் பழைய பால் மங்குகள் இருக்கின்றன. ரப்பர் மரத்தில் பால் சொட்டும்போது கீழே தாங்கி நிற்குமே, அதே மங்குதான். வீட்டில் இல்லையென்றால் தேநீர்க் கோப்பை போதும். சிமெண்டுத் தரையில் எட்டையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுங்கள். இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1.

எல்லா மங்கையும் கவிழ்த்துவிடுங்கள். கவிழ்ந்த மங்கு சுழியம், நிமிர்ந்த மங்கு ஒன்று. இரண்டே நிலைதான். பாதி சாய்ந்த மங்குக்குக் கணக்கில் இடமில்லை.

இப்போது எண்ணத் தொடங்குங்கள். ஒன்று: வலக்கோடி மங்கை நிமிர்த்துங்கள். இரண்டு: அந்த மங்கு ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அதைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை நிமிர்த்துங்கள். 10 என்று தெரிகிறது. இதைப் "பத்து" என்று வாசிக்கவே கூடாது, "ஒன்று, சுழியம்" என்றுதான் வாசிக்க வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனென்றால் வாயில் "பத்து" வந்துவிட்டால் மனமும் பத்துக்குப் போய்விடும். மூன்று: வலக்கோடியை மறுபடி நிமிர்த்துங்கள், 11. நான்கு: வலக்கோடி நிரம்பிக் கவிழ்கிறது, ஒன்று ஏறுகிறது. அடுத்ததும் நிரம்பிக் கவிழ்கிறது, மறுபடி ஒன்று ஏறுகிறது. மூன்றாவது நிமிர்கிறது. 100.

இப்படிப் பதினாறு வரை கையால் எண்ணிவிடுங்கள். அவசரப்படாதீர்கள். கை வேலை செய்யும்போதே பிள்ளைகள் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: வலக்கோடி மங்கு ஒவ்வோர் எண்ணுக்கும் புரள்கிறது, அடுத்தது இரண்டுக்கு ஒருமுறை, அதற்கடுத்தது நான்குக்கு ஒருமுறை. 1, 2, 4, 8 என்ற இடமதிப்புகளை நான் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. அவை மங்கு புரளும் தாளத்திலேயே இருக்கின்றன.

ஒரு மங்கு ஒரு பிட். எட்டு மங்கு ஒரு பைட். எட்டும் நிமிர்ந்தால் 128 முதல் 1 வரை எல்லாம் கூடி 255. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் எட்டும் கவிழ்ந்து, ஏறுகிற ஒன்றுக்கு ஒன்பதாவது மங்கு வேண்டும். சுழியத்தையும் சேர்த்தால் எட்டு மங்கில் 256 நிலைகள். பட்டணத்துக் கைப்பேசிக் கடையில் 64, 128, 256 என்றே சேமிப்பளவு விற்கிறார்களே, அவையெல்லாம் இந்தத் தரையில் இருக்கிற எண்களும் அவற்றின் அடுத்த மடங்கும்தான்.

கணினிக்கு ஏன் இரண்டு நிலை மட்டும்? மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்பதைப் பிழையில்லாமல் பிரித்தறியலாம், பத்து அளவு மின்சாரத்தைப் பிரித்தறிவது கடினம். 1937-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த குளோட் ஷானன், சுவிட்சுகளை இணைத்து இரும எண்களைக் கூட்ட முடியும் என்று தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். கூலிமில் தயாராகும் சில்லுக்குள் இருப்பவையும் அந்தச் சுவிட்சுகளின் வழித்தோன்றல்களே, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை.

மூன்றாம் படி: 45-ஐ இருமத்தில் எழுதுவது

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சிறிய எண்ணுக்கு மங்கு வழியே நல்லது. 45-க்குள் அடங்கும் பெரிய மங்கு எது? 32. அதை நிமிர்த்துங்கள், மிச்சம் 13. 16 அடங்காது, கவிழ்ந்தே இருக்கட்டும். 8 அடங்கும், மிச்சம் 5. 4 அடங்கும், மிச்சம் 1. 2 அடங்காது. 1 அடங்கும். ஆக 101101. முன்னால் இரண்டு மங்குகள் கவிழ்ந்திருப்பதால் எட்டு இடத்தில் எழுதினால் 00101101.

பெரிய எண்ணுக்குப் பாதியாக்கும் வழி. பாடநூலில் இதுதான் இருக்கும்: இரண்டால் வகு, மீதியை எழுது, ஈவை மறுபடி வகு, ஈவு சுழியமாகும்வரை போ, கடைசியில் மீதிகளைக் கீழிருந்து மேலாக வாசி. பிள்ளைகள் எல்லாரும் செய்துவிடுகிறார்கள். "ஏன் கீழிருந்து மேல்?" என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் எனக்குப் பொறுக்க முடியாதது. காரணம் தெரியாமல் செய்கிற கணக்கு தேர்வு முடிந்ததும் போய்விடும்.

எனவே ரம்புத்தான் பழங்களை எடுத்துக்கொள்வோம், 45 பழங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 22 சோடிகள், ஒரு பழம் தனியே நிற்கிறது. அந்தத் தனிப்பழம்தான் "ஒன்று" என்ற இடத்தின் இலக்கம், அதாவது வலக்கோடி. அடுத்து 22 சோடிகளை இரண்டிரண்டாகச் சேருங்கள். நான்கு பழக் கொத்துகள் 11, தனிச் சோடி இல்லை. எனவே "இரண்டு" என்ற இடத்தில் சுழியம். 11 கொத்துகளைச் சேர்த்தால் எட்டுப் பழக் கட்டுகள் 5, ஒரு கொத்து தனி. "நான்கு" என்ற இடத்தில் 1. 5 கட்டுகளைச் சேர்த்தால் பதினாறு பழக் குவியல்கள் 2, ஒரு கட்டு தனி. "எட்டு" என்ற இடத்தில் 1. 2 குவியல்களைச் சேர்த்தால் முப்பத்திரண்டு பழக் கூடை 1, தனிக் குவியல் இல்லை. "பதினாறு" என்ற இடத்தில் சுழியம். கடைசியில் அந்த ஒரே கூடை நிற்கிறது. "முப்பத்திரண்டு" என்ற இடத்தில் 1.

முதலில் கிடைத்த மீதி மிகச் சிறிய இடத்துக்குரியது. கடைசியில் கிடைத்தது மிகப் பெரிய இடத்துக்குரியது. நாம் எண்ணைப் பெரிய இடத்திலிருந்து வாசிக்கிறோம். கீழிருந்து மேல் என்பதற்கு இவ்வளவுதான் காரணம். 101101, மங்கு வழியில் வந்த அதே விடை.

இருமத்திலிருந்து பதின்மத்துக்குத் திரும்புவதற்கு ஒரு வரி போதும்: நிமிர்ந்த மங்குகளின் எண்களைக் கூட்டுங்கள். 32 + 8 + 4 + 1 = 45.

கூட்டலும் அப்படியே. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் சுழியம் எழுதி ஒன்றை ஏற்றுங்கள். 13-ஐயும் 6-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 1101, 0110. விடை 10011, அதாவது 19.

இடையில் ஒரு வார்த்தை: இது நமக்குப் புதிதல்ல

"முக்காலே மூன்று வீசம்" என்று ஊரில் சொல்வார்கள், ஏறத்தாழ முழுதும் என்ற பொருளில். அந்தச் சொல்லை நான் வெகு காலம் வெறும் பேச்சு வழக்காகவே நினைத்திருந்தேன். நம் முன்னோர் ஒன்றைப் பாதியாக்கி அரை, மறுபடி பாதியாக்கிக் கால், பின் அரைக்கால், பின் மாகாணி அல்லது வீசம் என்று பெயர் வைத்தார்கள். இவை இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. இருமத்தில் புள்ளிக்கு வலப்பக்கம் வரும் இடங்கள் இதே வரிசையில்தான் இருக்கின்றன. அரை 0.1. கால் 0.01. முக்கால் 0.11. முக்காலே மூன்று வீசம் என்பது பதினாறில் பதினைந்து, இருமத்தில் 0.1111. இன்னும் ஒரே ஒரு வீசம் சேர்ந்தால் நான்கு இடங்களும் நிரம்பிக் கவிழ்ந்து முழு ஒன்றாகிவிடும்.

இலக்கியம் படிக்கிற மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். யாப்பில் அசை இரண்டே வகை, நேர், நிரை. ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. நேரைச் சுழியம் என்றும் நிரையை ஒன்று என்றும் வைத்தால் தேமாந்தண்பூ 0000, கருவிளநறுநிழல் 1111. நான்கு இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு, மொத்தம் பதினாறு. இந்தப் பதினாறுதான் அடுத்த படிக்குச் சாவி.

நான்காம் படி: பதினாறில் நிரம்புவது

மெட்ரிக் அளவு வருவதற்கு முன் இந்த நாட்டில் சீனி, மீன், இறைச்சி எல்லாம் கட்டிக் கணக்கில் விற்றன. 16 தாஹில் ஒரு கட்டி. கட்டி என்பது இன்றைய அளவில் சுமார் 605 கிராம். என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் 9 தாஹிலும் 9 தாஹிலும் சேர்ந்தால் ஒரு கட்டி 2 தாஹில் என்று நொடியில் சொல்வார். அவர் செய்தது பதினாறில் ஏற்றும் கூட்டல்தான். சீனர் மளிகைக் கடையில் மணிச்சட்டம் பார்த்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும், பழைய சட்டத்தில் ஒரு கம்பியில் மேலே இரண்டு மணி, கீழே ஐந்து மணி. மேல்மணி ஒன்றுக்கு ஐந்து. எல்லாம் சேர்ந்தால் 15. பத்தில் ஏற்றுவதற்கு 9 வரை இருந்தாலே போதும். 15 வரை போக இடமிருந்ததால் தாஹிலையும் அதே கம்பியில் போட முடியும்.

45 தாஹில் என்றால் எத்தனை கட்டி? 2 கட்டி, 13 தாஹில். பதினறுமத்தில் 45-ஐ எழுதுவது இதேதான்: இடப்பக்கம் 2, வலப்பக்கம் 13. ஒரே சிக்கல், 213 என்று எழுதினால் குழப்பம். ஓர் இடத்தில் ஒரே குறிதான் நிற்க வேண்டும். பழந்தமிழ் எண்களில் பத்துக்கு ௰ என்ற தனிக்குறி இருந்தது. கணினி உலகம் ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொண்டது. ஏ பத்து, பி பதினொன்று, சி பன்னிரண்டு, டி பதின்மூன்று, இ பதினான்கு, எஃப் பதினைந்து. அவை இங்கே எழுத்தல்ல, இலக்கம். ஆகவே 45 என்பது 2டி.

இடமதிப்புகள் 1, 16, 256, 4096 என்று போகும். 1957-ஐ மாற்றிப் பார்ப்போம். 16-ஆல் வகுத்தால் ஈவு 122, மீதி 5. 122-ஐ வகுத்தால் ஈவு 7, மீதி 10, அதாவது ஏ. 7-ஐ வகுத்தால் மீதி 7. கீழிருந்து மேலாக 7ஏ5. சரிபார்க்க: 7 × 256 = 1792, 10 × 16 = 160, 5. கூட்டினால் 1957.

ஐந்தாம் படி: நான்கு நான்காகக் கட்டுவது

பதினறுமம் எதற்கு, இருமம் போதாதா என்று கேட்பார்கள். மனிதருக்காகத்தான். 0111101001011100 என்பதை ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதினால் நிச்சயம் எங்காவது தவறும். நான்கு பிட்டுக்குப் பதினாறு நிலை, ஒரு பதினறும இலக்கத்துக்கும் பதினாறு நிலை. எனவே நான்கு பிட்டை ஒரு குறியாகச் சுருக்கலாம், எதுவும் மிஞ்சாது, எதுவும் குறையாது. பதின்மத்தில் இந்த வசதி இல்லை.

0 0000, 1 0001, 2 0010, 3 0011
4 0100, 5 0101, 6 0110, 7 0111
8 1000, 9 1001, ஏ 1010, பி 1011
சி 1100, டி 1101, இ 1110, எஃப் 1111

மேலே உள்ள நீண்ட எண்ணைப் பிரியுங்கள்: 0111 1010 0101 1100. அட்டவணையைப் பார்த்தால் 7ஏ5சி. வகுத்தலும் இல்லை, பெருக்கலும் இல்லை. திரும்பிப் போவதும் அப்படியே. 2டி என்றால் 0010 1101, நம் 45-இன் மங்கு வரிசையேதான்.

பெரும்பாலோர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. கட்டுவதை எப்போதும் வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 1011010 என்ற ஏழு பிட் எண்ணை இடப்பக்கத்திலிருந்து கட்டினால் 1011, 010 என்றாகி "பி2" என்ற தவறான விடை வரும். வலப்பக்கத்திலிருந்து கட்டினால் 101, 1010. முன்னால் ஒரு சுழியம் இட்டு 0101 1010, சரியான விடை 5ஏ, அதாவது 90. இரண்டு மதிப்பெண் இங்கேதான் போகிறது.

இன்னொன்று, "10" என்று தனியே எழுதியிருந்தால் அது எந்த அடிமானம் என்று தெரியாது. இருமத்தில் 2, பதின்மத்தில் பத்து, பதினறுமத்தில் பதினாறு. பள்ளியில் எண்ணின் கீழே சிறிதாக அடிமானத்தை எழுதுவார்கள். நிரல்களில் பதினறும எண்ணுக்கு முன்னால் "0எக்ஸ்" என்றும் இரும எண்ணுக்கு முன்னால் "0பி" என்றும் சேர்ப்பார்கள்.

ஆறாம் படி: கண்ணில் படுகிற இடத்தில் பழகுவது

இப்போது கைப்பேசியை எடுங்கள். அமைப்புகளில் "கைப்பேசியைப் பற்றி" என்ற பகுதிக்குப் போனால் வைஃபை முகவரி இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்த பன்னிரண்டு பதினறும இலக்கங்கள், 48 பிட். ஒரு சோடியை எடுத்து இருமத்துக்கும் பதின்மத்துக்கும் மாற்றிப் பாருங்கள்.

கோயில் திருவிழாவுக்குச் சுவரொட்டி வடிவமைக்கிற தம்பிகளுக்கு நிறக் குறியீடு தெரியும், பொருள் தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட், சுழியம் முதல் எஃப்எஃப் வரை. எஃப்எஃப்0000 என்றால் முழுச் சிவப்பு. எஃப்எஃப்எஃப்எஃப்00 என்றால் சிவப்பும் பச்சையும் முழுதாகச் சேர்ந்த மஞ்சள். 800000 என்றால் சிவப்பு மட்டும் 128, பட்டுப் புடவையின் அரக்கு நிறம். 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள்.

என் மனத்துக்கு நெருக்கமானது கடைசிப் பயிற்சி. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் ஒருங்குறி (யூனிகோடு) தரத்தில் 1991-இல் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள், 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை 128 இடங்கள். இங்கே வரும் "0பி" இருமத்தின் அடையாளம் அல்ல, பதினறும எண்ணின் இலக்கங்களே. அகரம் 0பி85-இல் இருக்கிறது. 11 × 256 = 2816, 8 × 16 = 128, 5. ஆக அ என்பது 2949. தமிழ்ப் பக்கம் ஒன்றின் இணைப்பைப் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகளோடு "இ0 ஏஇ 85" போன்ற நீண்ட வரிசை வந்து, இணைப்பு கெட்டுவிட்டது என்று பலர் அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள், அது கெடவில்லை. அகரத்தை இணையத்தில் அனுப்ப மூன்று பைட்டுகளில் எழுதும் முறை அது. ஒவ்வொரு சோடியும் ஒரு பைட்.

"தமிழ்" என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள்: த 0பிஏ4, ம 0பிஏஇ, இகரக் குறி 0பிபிஎஃப், ழ 0பிபி4, புள்ளி 0பிசிடி. இவற்றை இருமத்தில் எழுதுங்கள், பிறகு உங்கள் பெயருக்கும் எழுதுங்கள். எங்கள் மண்டபத்தில் பிள்ளைகள் ழகரத்தைத் தரையில் வைக்க விரும்பினார்கள். 0000 1011 1011 0100, பதினாறு மங்குகள் வேண்டும். எங்களிடம் எட்டுதான் இருந்தன. ஒரு சிறுமி வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் பாட்டியிடம் மிச்ச எட்டையும் கேட்டு வாங்கி வந்தாள், பின்னாலேயே பாட்டியும் வந்து, வரிசையில் சாய்ந்திருந்த ஒரு மங்கை நேராக நிமிர்த்தி வைத்தார்.